ஹேண்ட் பிரேக்கும் ஒரு மெழுகுத் துண்டும்

புற்றுநோய் மருந்து யாருக்குக் கேட்கும், யாருக்குக் கேட்காது என்று மருந்தை ஏற்றுவதற்கு முன்பே காட்டிக்கொடுக்கும் ஓர் அடையாளத்தைத் தேடுவதுதான் எங்கள் தொழில். அது கிடைக்கும்வரை எல்லோரும் எங்களைத்தான் தேடுகிறார்கள்.

ஆய்வு உதவியாளர் என்ற பெயரில் ஐஸ் பெட்டியும் கையுமாக அலையும் சகோதர சகோதரிகளே, உங்களுக்கு நான் புதிதாக ஒன்றும் சொல்லப்போவதில்லை. இரத்தம் எடுக்கப் போன வீட்டில் தேத்தண்ணீர் குடிக்காமல் வரமுடியாது என்பதும், “எனக்குச் சுகம் வருமா?” என்ற கேள்விக்குப் பல்கலைக்கழகத்தில் விடை சொல்லித் தரவில்லை என்பதும் உங்களுக்கும் தெரியும். இங்கே வருபவர்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். அவர்கள் சொன்னதை மாற்றவில்லை.

உம்மா சொன்ன விளக்கம்

மாவடிப்பள்ளியில் எங்கள் குடும்பத்தில் பல்கலைக்கழகம் போன முதல் ஆள் நான். அதனால் நான் என்ன வேலை செய்கிறேன் என்பது எல்லோருக்கும் தெரியவேண்டிய விசயமாகிவிட்டது. டீச்சர் வேலை என்றால் ஒரு சொல்லில் முடிந்துவிடும். ஒரு கலியாண வீட்டில் பெரியம்மா ஒருவர் கேட்டபோது, நான் பொய் சொல்லக்கூடாது என்ற பயத்தில் ஒன்றையும் விடாமல் சொன்னேன். புற்றுநோய்க்கு நோயெதிர்ப்புச் சிகிச்சை என்று ஒன்று வந்திருக்கிறது, அது கட்டியை நேரே தாக்காது, நமது உடம்பின் எதிர்ப்புச் சக்தியைத்தான் எழுப்பிவிடும், சிலருக்கு அற்புதமாக வேலை செய்யும், பலருக்குச் செய்யாது, யாருக்குச் செய்யும் என்பதற்கு இரத்தத்திலும் சதையிலும் அடையாளம் தேடுகிறோம் என்று. பெரியம்மாவின் முன்னால் இருந்த சகன் சோறு ஆறிப்போனதுதான் மிச்சம்.

உம்மா இடையில் புகுந்து என்னைக் காப்பாற்றினார். அதற்குப் பிறகு இன்றுவரை எங்கள் ஊரில் என் வேலைக்கு அதுதான் விளக்கம். “கண்டபடி எல்லாருக்கும் ஒரே மருந்தக் குடுத்து வதைக்காம, ஆருக்கு எது பொருந்தும் எண்டு முதல்லயே பாக்குறா என்ட மகள். மாப்பிள பாக்குற மாதிரித்தான். ரெண்டும் இன்னும் முடிவாகல்ல.”

பாரைக்குட்டிப் பெட்டி

எங்கள் மாதிரிகள் கொழும்பில் உள்ள ஆய்வுகூடத்துக்குப் போகவேண்டும். கல்முனையில் இருந்து கொழும்புக்கு எதையும் அனுப்பப் பஸ்ஸை விட்டால் வேறு வழியில்லை. ஆனால் குளிர் தாங்கும் ரெஜிபோம் பெட்டியில் ஐஸ் போட்டு, டேப் சுற்றி, பஸ்ஸில் ஏற்றினால் இந்தக் கரையில் அதற்கு ஒரே அர்த்தம்தான். மீன். கொழும்பில் இருக்கும் பிள்ளைகளுக்கும் மருமக்களுக்கும் ஊர் மீன் போகாத நாளே இல்லை. நான் பெட்டியைக் கொடுக்கும்போதெல்லாம் கண்டக்டர் “பாரையா, சூரையா?” என்று கேட்டுவிட்டு மற்றப் பெட்டிகளோடு அடுக்கிவிடுவார்.

ஒருநாள் நடக்கவேண்டியது நடந்தது. விடியற்காலையில் ஆய்வுகூடத்தில் இருந்து அழைப்பு வந்தது: பெட்டிக்குள் நல்ல பாரைக்குட்டிகள், வெட்டி, மஞ்சள் தடவி. பெட்டியில் என் தொலைபேசி இலக்கம் எழுதியிருந்ததால், கொஞ்ச நேரத்தில் எங்கள் பெட்டி போய்ச் சேர்ந்த வீட்டு மாமியும் அழைத்தார். இரத்தக் குழாய்களைக் கண்டு மயங்கியிருப்பார் என்று நினைத்து மன்னிப்புக் கேட்கத் தொடங்கினேன். “அதெல்லாம் ஐசோட அப்படியே இரிக்கி மகள், நான் தொடல்ல. மீன் எங்க? அதச் சொல்லுங்க முதல்ல” என்றார்.

இரண்டு பெட்டிகளும் ஒரு முச்சக்கர வண்டியில் இடம் மாறின. இரத்தம் தப்பியது. அன்று அந்தப் பஸ்ஸை ஓட்டியவர், ஊருக்கே அண்ணன் முறையான சம்சுதீன் காக்கா. அடுத்த முறை நான் பெட்டியோடு போனபோது அவரே இறங்கிவந்து அதை வாங்கி, சிவப்புக் கயிறு ஒன்றைக் கட்டி, தன் இருக்கைக்குப் பக்கத்தில் வைத்தார். “இனி இது என்ட காலடியில, தங்கச்சி. மீனுக்குக் காவல் கண்டக்டர், ரத்தத்துக்குக் காவல் நான்.”

இறக்காமத்து யானை

இறக்காமத்தில் ஒரு வேளாண்மைக்காரர் எங்கள் ஆய்வில் இருந்தார். சுவாசப்பைப் புற்றுநோய். அவருக்கு மருந்து ஏற்றும் ஒவ்வொரு முறைக்கும் முன்னால் இரத்தம் எடுக்கவேண்டும். எடுத்த இரத்தத்தைச் சில மணி நேரத்துக்குள் சுழற்றிப் பிரித்துக் குளிரில் வைக்கவேண்டும். அந்தி பட்டால் அந்த வீதியில் யானை இறங்கிவிடும் என்பதால், எனக்கு அவர் வீட்டில் எப்போதும் இரண்டு அவசரம். அவருக்கு ஒரு அவசரமும் இல்லை. வயல் கதை, குளத்துத் தண்ணீர்க் கதை எல்லாம் முடிந்து, கடைசியில்தான் கையை நீட்டுவார்.

ஒரு நாள் ஊசி போட்டுக்கொண்டிருக்கும்போது, “எனக்கு இந்த மருந்து கேட்குமா?” என்று கேட்டார். எனக்குப் பொய் வராது. “இன்னும் தெரியாது, அதைத்தான் தேடுகிறோம்” என்றேன். அவர் வெளியே, யானை உழக்கிவிட்டுப் போன தன் வயலைப் பார்த்தார். “காட்டுக்குள்ள நிக்கிற யானைக்குத் தெரியிது எந்த வயல் விளைஞ்சிரிக்கி எண்டு. இவ்வளவு மெசின் வெச்சிரிக்கிற உங்களுக்கு ஆருட உடம்புல மருந்து விளையும் எண்டு தெரியல்லியா?”

இரண்டு பேரின் ஒரே ரகசியம்

சில மாதங்களுக்குப் பிறகு பஸ்ஸில் வேறு டிரைவர் இருந்தார். காக்காவுக்கு வயிற்றில் ஒப்பரேசன் என்றார்கள். அதற்கும் பிறகு ஒருநாள், ஆஸ்பத்திரியில் எங்கள் புற்றுநோய்ப் பிரிவுக்கு வந்த புதிய நோயாளியின் கோப்பைத் தூக்கிக்கொண்டு போனால் கட்டிலில் சம்சுதீன் காக்கா. பெருங்குடலில் புற்றுநோய். வெட்டி எடுத்தும் ஈரலுக்குப் பரவியிருந்தது. வழக்கமான மருந்து ஏற்றியும் அடங்கவில்லை. ஆள் பாதியாகியிருந்தார். சிரிப்பு மட்டும் பழைய அளவில் இருந்தது.

அவருடைய மனைவி ரஹீமா ராத்தா என்னை ஒதுக்கமாகக் கூட்டிப்போய், “கென்சர் எண்டு அவருக்கிட்டச் சொல்லிராதீங்க, தாங்கமாட்டாரு” என்றார். ராத்தா தண்ணீர் எடுக்கப் போன நேரம் பார்த்துக் காக்கா, “கென்சர் எண்டு அவளுக்குத் தெரியாது தங்கச்சி, தெரிஞ்சா விழுந்திடுவாள்” என்றார். எனக்கோ ஆய்வில் சேர்க்க அவருடைய சம்மதம் வேண்டும். நோயின் பெயரைச் சொல்லாமல் சம்மதம் கேட்பது ஏமாற்று. எங்கள் டொக்டரிடம் போனேன். அவர் வந்து, இரண்டு பேரையும் ஒரே மர வாங்கில் இருத்தி, அவர்களின் அனுமதியைக் கேட்டு, உள்ளதைச் சொன்னார். இரண்டு பேரும் மற்றவர் விழுந்துவிடுவார் என்று பயந்து ஒரே நேரத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்தார்கள். ஒருவரும் விழவில்லை. காக்கா மனைவியைப் பார்த்தபடி என்னிடம் சொன்னார்: “இவ்வளவு காலமும் என்னோட நடிச்சிருக்கா, பாத்தீங்களா தங்கச்சி! நான்தான் பெரிய நடிகன் எண்டு நினைச்சிக்கிட்டு இருந்தன்.”

ஹேண்ட் பிரேக்

நோயெதிர்ப்புச் சிகிச்சையை விளங்கப்படுத்தும்போது நாங்கள் எல்லோரும் படைவீரர், எதிரி, கோட்டை என்று தொடங்கி எங்கேயோ போய் மாட்டிக்கொள்வோம். காக்காவிடம் அது தேவைப்படவில்லை. நமது இரத்தத்தில் நோயை எதிர்க்கும் அணுக்கள் இருக்கின்றன, அவை கண்டபடி ஓடாமல் இருக்க உடம்பே அவற்றுக்கு ஒரு பிரேக் வைத்திருக்கிறது, கட்டி தந்திரமாக அந்தப் பிரேக்கை மிதித்துப் பிடித்துக்கொள்கிறது, இந்த மருந்து அதை விடுவிக்கும் என்றேன். காக்கா எழுந்தே உட்கார்ந்துவிட்டார். “அப்ப நான் இவ்வளவு நாளும் ஹேண்ட் பிரேக் இழுத்தபடி ஓடின பஸ்ஸா? அதுதான் புகை வந்திரிக்கி!”

பிறகு அவரே கேட்டார், பிரேக்கை எடுத்துவிட்டு, பஸ் இறக்கத்தில் நின்றால் என்ன ஆகும் என்று. அதுதான் பக்கவிளைவு என்றேன். எதிர்ப்புச் சக்தி சிலவேளை சொந்த உடம்பையே மோதிவிடும். எஞ்சினே இல்லாத பஸ் என்றால் என்றும் கேட்டார். அதற்குத்தான் முதலில் ஒரு சோதனை என்றேன். சில குடல் கட்டிகளில், உயிரணு பெருகும்போது விழும் பிழைகளைத் திருத்தும் புரதங்களில் ஒன்றிரண்டு காணாமல் போயிருக்கும். அப்படிப்பட்ட கட்டிகளில் பிழைகள் மலிந்து கிடக்கும். பிழை கூடக்கூட எதிர்ப்பு அணுக்களுக்குக் கட்டியை அடையாளம் காண்பது சுலபம். அந்த வகை என்றால் மருந்து கேட்க நல்ல வாய்ப்பு. இல்லையென்றால் பெரும்பாலும் கேட்காது. அந்த முடிவு கையில் இல்லாமல் இந்த மருந்துக்கு அனுமதி எடுக்கவும் முடியாது. காக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டுத் தலையணையில் சாய்ந்தார். “சரி, முதல்ல பொனட்டத் திறந்து பாருங்க. எஞ்சின் இரிக்கா இல்லியா எண்டு தெரியாம நான் மருந்தும் கேக்கமாட்டன், அல்லாஹ்விட்ட துஆவும் கேக்கமாட்டன்... இல்ல, துஆ கேப்பன்.”

பத்திரமான இடம்

பொனட்டைத் திறக்க, ஒப்பரேசனில் எடுத்த சதைத் துண்டு வேண்டும். அப்படி எடுக்கும் சதையை மெழுகில் பதித்து, தீப்பெட்டியைவிடக் கொஞ்சம் சின்ன பிளாஸ்டிக் சட்டத்தில் வைத்திருப்பார்கள். வருடக்கணக்கில் கெடாது. ஒப்பரேசன் நடந்த இடத்தில் கேட்டபோது, இன்னொரு வைத்தியரிடம் காட்டுவதற்காகக் குடும்பத்திடமே கொடுத்துவிட்டதாகச் சொன்னார்கள். கட்டி இருந்த துண்டு அது ஒன்றுதான். ஈரலில் புதிதாக ஊசி குத்தி எடுக்க டொக்டருக்கு விருப்பமில்லை. காக்காவின் இரத்தம் உறைகிற விதம் சரியில்லை, நாளும் போய்க்கொண்டிருந்தது. நான் நேரே அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

ரஹீமா ராத்தா பதறவே இல்லை. “ஓம், தந்தாங்க. அதக் கொண்டு கொழும்புக்குப் போக இருந்த கிழமைதான் இவரு கடுமையாகிட்டாரு. பத்திரமா வெச்சிக்கச் சொன்னாங்க, பத்திரமாத்தான் வெச்சிரிக்கம்” என்றார். எனக்கு உயிர் வந்தது. எங்கே என்று கேட்டேன். “மையவாடியில” என்றார்.

தோழர்களே, மையவாடி என்றால் எங்கள் ஊர் இடுகாடு. அவர் பக்கம் பிழையே இல்லை. உடம்பில் இருந்து பிரிந்த எதையும் எறியாமல் மரியாதையாக அடக்குவது எங்கள் வழக்கம். நெல் வெட்டும் மெசினில் துண்டான ராத்தாவுடைய தம்பியின் விரலையும் அவர்கள் அப்படித்தான் அடக்கியிருந்தார்கள். மெழுகுக்குள் இருப்பது கணவரின் சதை என்று யாரோ ஒரு தாதி சொல்லியிருக்கிறார். அதை அலுமாரியில் சாரிகளுக்கு நடுவில் எப்படி வைத்திருப்பது? “மையவாடியிலா?” என்று நான் திரும்பக் கேட்டதும் ராத்தாவின் முகம் மாறியது. பிறகு கொஞ்சம் கோபத்தோடு கேட்டார்: “இதை விடப் பத்திரமான இடம் இந்த ஊருல எங்க இரிக்கி, சொல்லுங்க பாப்பம்?”

மையவாடியில் ஒரு காலை

அடக்கியதைத் தோண்டலாமா என்று பள்ளிவாசல் மௌலவியிடம் ராத்தாவே போய்க் கேட்டார். நானும் கூடப் போய், வைத்தியத்துக்கு அது எதற்கு என்பதை எனக்குத் தெரிந்த அளவில் சொன்னேன். அவர் ஒன்றே ஒன்றைத்தான் கேட்டார்: வேறு வழி இருக்கிறதா? இருக்கிறது, அது அவருக்கு ஆபத்து என்றேன். அப்படியென்றால் எடுங்கள், மரியாதையாக எடுங்கள் என்றார்.

மறுநாள் காலை ராத்தாவின் தம்பியும் பள்ளிவாசலில் பாங்கு சொல்லும் மோதினாரும் தோண்டினார்கள். பெண்கள் நாங்கள் மதிலுக்கு வெளியே நின்றோம். ராத்தாவின் வாப்பாவுடைய கப்றுக்குப் பக்கத்தில், அடையாளத்துக்குச் சின்னதாக ஒரு மீஸான் கட்டைகூட நட்டு வைத்திருந்தார்கள். கடற்கரை மணல், மண்வெட்டி தேவைப்படவில்லை, தேங்காய்ச் சிரட்டையே போதும். என் கவலை எல்லாம் வெயில். மெழுகு உருகியிருந்தால் எல்லாம் முடிந்தது. மதில் ஓரத்து மணலில் நானும் கையைப் புதைத்துப் பார்த்தேன். மேலே சுட்டது, முழங்கை வரை போனதும் குளிர்ந்தது. அந்தக் குளிரை நான் மறக்கமாட்டேன்.

வெள்ளைத் துணிப் பொட்டலம் ஒன்று வந்தது. உள்ளே பொலித்தீன், அதற்குள் மஞ்சள் நிறச் சட்டம், அதற்குள் மெழுகு, முழுசாக. அத்தர் மணத்தது, ராத்தா பூசியிருந்தார். நான் அதை ஐஸ் பெட்டியில் வைத்து மூடும்போது மோதினார் கையில் இருந்த மணலைத் தட்டிக்கொண்டு சொன்னார்: “இவ்வளவு காலத்துக்கு இங்க இருந்து எழும்பித் திரும்பிப் போற மொத ஆள் இவருதான். நல்ல செய்தியோட போகட்டும்.”

ரஜனி அக்காவின் மேசை

கல்முனையில் எங்களுக்கென்று இருக்கும் சின்ன ஆய்வுகூடத்தில் மெழுகுத் துண்டுகளைச் சீவுகிறவர் பாண்டிருப்பு ரஜனி அக்கா. மெழுகை, கண்ணுக்கு மட்டுமட்டாகத் தெரியும் அளவுக்கு மெல்லிய நாடாவாகச் சீவி, இளஞ்சூட்டுத் தண்ணீரில் மிதக்கவிட்டு, கண்ணாடித் தகட்டில் ஏந்தி எடுப்பார். தகடுகள்தான் சாயம் ஏற்றுவதற்குக் கொழும்புக்குப் போகும். நான் பொட்டலத்தைப் பிரித்ததும் முழு அறையும் அத்தர் மணத்தது. அக்கா என்னைப் பார்த்தார். நான் உள்ளதைச் சொன்னேன்.

அவர் சிரிக்கவில்லை. துணியை மடித்து ஒரு பக்கமாக வைத்தார். மெழுகின் மேல் ஓரத்தில் ஒட்டியிருந்த மணலைத் துடைத்து, முதல் சில சீவல்களைக் கழித்துவிட்டு, அடுத்ததைத் தண்ணீரில் விட்டார். நாடா சுருளவில்லை, கிழியவில்லை. நடுவில் சதை, வெளிறிய ஒரு சின்ன நிழலாக, அப்படியே விரிந்தது. அக்கா குனிந்து அந்த நிழலிடமே பேசினார்: “ஒருக்கா அடக்கியும் நீ சாகேல்ல, என்ன? பொறு, ரெண்டாம் தரம் ஒழுங்காச் செய்வம்.”

டீச்சரின் மகள்

கொழும்பு முடிவு இன்னும் வரவில்லை. அந்த நாட்களில்தான் அட்டாளைச்சேனை டீச்சர் ஒருவரின் மகள் எங்களிடம் வந்தார். அவருடைய உம்மாவுக்குச் சோதனை முடிவு நன்றாகவே இருந்தது. அடையாளம் இருக்கிறது, மருந்து கேட்க வாய்ப்பு உண்டு என்றுதான் நாங்களும் எழுதியிருந்தோம். கேட்கவில்லை. டீச்சர் மௌத்தாகி, அடக்கமும் முடிந்துவிட்டது. மகள் ஏசத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்துக் கதவருகில் நின்றேன்.

அவர் கையில் ஒரு பை. உம்மாவிடம் கடைசியாக எடுத்த இரத்தம் இன்னும் குளிர்ப் பெட்டியில் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன், திருப்பிக் கேட்டால் தருவோம், அழிக்கச் சொன்னால் அழிப்போம் என்றும் சொன்னேன். எங்களுக்குத் தெரிந்த அடையாளம் போதாது, அதனால்தான் கேட்காமல் போனவர்களின் இரத்தத்தையும் படிக்கிறோம் என்று விளக்கினேன். அவர் பையில் இருந்த தொதல் இனிப்புப் பொட்டலத்தை மேசையில் வைத்தார். “அழிக்காதீங்க. எங்கட உம்மா பிழையான விடையையும் கிழிக்கமாட்டா. எங்க பிழைச்சது எண்டு கண்டுபிடிக்கும்வரைக்கும் வெச்சிரிப்பா.”

இல்லை

முடிவு வந்த அன்று காக்காவும் ராத்தாவும் டொக்டருக்கு எதிரில் இருந்தார்கள். நான் சுவரோடு சாய்ந்து நின்றேன். டொக்டர் நல்லவர், ஆனால் கடதாசியில் உள்ள வரிசைப்படிதான் வாசிப்பார். “பிழை திருத்தும் நாலு புரதம் பார்த்தோம். ரெண்டு இருக்குது. ரெண்டு இல்லை” என்றார். ‘இல்லை’ என்ற சொல் விழுந்ததுதான் தாமதம், ராத்தா இரண்டு கையையும் தலையில் வைத்துவிட்டார். காக்கா முகத்தில் இருந்த சிரிப்பை எடுத்து எங்கேயோ வைத்துவிட்டார்.

நான் முறையை மறந்து டொக்டரை முந்திக்கொண்டேன். “ராத்தா, இல்லாததுதான் நல்லது! அந்தப் புரதம் இல்லாத கட்டியைத்தான் எதிர்ப்பு அணுக்கள் கண்டுபிடிக்கும்! எஞ்சின் இருக்கிறது காக்கா!” என்று கத்தினேன். வெளியே வரிசையில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். பிறகு பயந்துபோய், நிச்சயம் இல்லை, வாய்ப்புத்தான், டீச்சர் ஒருவருக்கு அடையாளம் இருந்தும் கேட்கவில்லை என்று அதையும் சொல்லி வைத்தேன். டொக்டர் தலையாட்டினார். ராத்தா கண்ணைத் துடைத்துக்கொண்டு என் கையில் ஓர் அடி போட்டார், நல்ல அடி. “அத முதல்ல சொல்லுறல்லியா? இவருக்கு முந்தி நான் மௌத்தாகியிருப்பன்.”

இறால் மேல் பழி

அந்த முடிவைக் காட்டி டொக்டர் மேலிடத்தில் அனுமதி கேட்டார். பல தரம் போய்வந்த பிறகு மருந்து கிடைத்தது. சில முறை ஏற்றியதும் காக்காவுக்குப் பசி வந்தது, பிறகு நிறை கொஞ்சம் ஏறியது. அதற்குப் பிறகு உடம்பெல்லாம் அரிப்பு, வயிற்றோட்டம். எங்களிடம் சொன்னால் மருந்தை நிறுத்திவிடுவோம் என்ற பயத்தில் மனுசன் மூடி மறைத்தார். இறால் தின்றது ஒத்துக்கொள்ளவில்லை என்று ராத்தாவிடம் சாதித்திருக்கிறார். ராத்தா நம்பவில்லை. அந்தக் கிழமை வீட்டில் இறாலே வாங்கவில்லை.

ராத்தா என்னைக் கூப்பிட்டார், நான் டொக்டரைக் கூப்பிட்டேன், காக்காவைக் கட்டிலில் போட்டு, எதிர்ப்புச் சக்தியை அடக்கும் மருந்து கொடுத்தார்கள். சில நாளில் தணிந்தது. இனி எதையும் மறைக்கமாட்டேன் என்று சத்தியம் செய்யச் சொன்னேன். செய்தார். பிறகு முதன்முதலாக அவர் கண் கலங்கியதைப் பார்த்தேன். “இறக்கத்துல கொஞ்சம் உருண்டிட்டன் தங்கச்சி. ஆனா பாருங்க, உருண்டதே எவ்வளவு சந்தோசம். பஸ் அசையிதெல்லோ.”

காலியான இடம்

பிறகு எடுத்த ஸ்கேனில் ஈரலில் இருந்த கட்டிகள் பாதிக்கும் கீழே வந்திருந்தன. சுகமாகிவிட்டது என்று நான் எழுதமாட்டேன். டொக்டரும் அப்படிச் சொல்லவில்லை. இருக்கிறார், சாப்பிடுகிறார், மருந்து தொடர்கிறது. பின்னேரங்களில் பஸ் நிலையத்துக்கு வருகிறார். ஓட்ட இன்னும் விடவில்லை. புது டிரைவருக்குப் பக்கத்தில் இருந்து, சிவப்புக் கயிறு கட்டிய பெட்டியை எங்கே வைக்கவேண்டும் என்று கட்டளை போடுகிறார். போன முறை போன பெட்டியில் அவருடைய இரத்தமும் இருந்தது. மருந்து கேட்டவர்களின் இரத்தத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க அதுவும் தேவை. கீழே இருந்த வேளாண்மைக்காரர்களின் நெல் மூட்டையைத் தூரத் தள்ளிவிட்டு, தன் பெட்டிக்குத் தானே இடம் பிடித்தார்.

எனக்குக் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று பாக்கி இருந்தது. மெழுகுத் துண்டில் ரஜனி அக்கா சீவியது போக மிச்சம் இருக்கிறது. அது அவருடையது. மையவாடியில் அதன் இடமும் அப்படியே இருக்கிறது. ராத்தா மீஸான் கட்டையைக்கூடப் பிடுங்கவில்லை. திருப்பிக் கொண்டுபோய் அடக்குவதா, இல்லை ஆய்வுக்கு வைத்துக்கொள்வதா என்று, ராத்தாவும் பஸ் நிலையத்துக்கு வந்திருந்த ஒரு பின்னேரம் கேட்டேன். எந்தப் பதிலுக்கும் நான் ஆயத்தமாகவே போயிருந்தேன். அந்த வெள்ளைத் துணியைத் தோய்த்து உலர்த்திக்கூட வைத்திருந்தேன். காக்கா ராத்தாவைப் பார்த்தார். ராத்தா தலையசைத்தார். பஸ் ஹோர்ன் அடித்தது. காக்கா எழுந்து, பெட்டியில் சிவப்புக் கயிற்றை இன்னொரு சுற்று இறுக்கிவிட்டுச் சொன்னார்: “அந்த இடம் அவசரப்படாது, தங்கச்சி, அங்க ஆரும் புக் பண்ணிப் போறயில்ல. அது உங்களுக்கிட்ட இருந்து வேலை செய்யட்டும். இப்ப லீவுல இரிக்கிற ஆள் நான்தான்.”

ஆகவே சக தொழிலாளிகளே, யாருக்கு மருந்து கேட்கும் என்று முன்கூட்டியே சொல்லும் அந்த முழு அடையாளம் எங்களுக்கு இன்னும் கிடைக்கவில்லை என்றாலும், கிடைத்தால் அதை எந்தப் பெட்டியில் போட்டு, எந்தக் கயிற்றால் கட்டி, யாருடைய காலடியில் வைத்துக் கொழும்புக்கு அனுப்பவேண்டும் என்பது எங்களுக்கு இப்போது சந்தேகமறத் தெரியும்.